கல்லடிக் கரையின் அடம்பு

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் மகளிர் அருவியில் நீராடி, மலையெங்கும் திரிந்து பூப்பறித்துப் பாறைமேல் குவிக்கின்றனர். தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்கள் அங்கே அடுக்கி வருகின்றன. காந்தளும் குறிஞ்சியும் வேங்கையும் மலைக்கு உரியவை. அவை வருவது இயல்பு. ஆனால் அவற்றினிடையே அடும்பும் இருக்கிறது. கடல்மணலைப் பிரிந்து வாழ அறியாத ஒரு கொடியின் பூ மலைப்பாறைக்கு எவ்வாறு சென்றது? தமிழ்நிலத்துப் பூவையெல்லாம் ஓரிடத்தில் தொகுக்க விழைந்த புலவர்க்கு, நெய்தற்கரையின் இவ்வெளிய பூவை விட்டுவிட மனம் வரவில்லை என்றே நான் கொள்கிறேன்.

அப்பூவைக் காண மலையேற வேண்டியதில்லை. மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கிழக்கே நடந்தால் சிறிது நேரத்தில் கடல் வந்துவிடும். மேற்கே வாவி, கிழக்கே வங்கக் கடல், இடையே ஒடுங்கிய மணல்நிலம். கல்லடி அந்நிலத்தின்மேல் அமைந்த ஊர். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவியின் நீர் வடக்கே பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. ஊரார் நிலா நாளில் வாவியின் பாடும் மீன்களுக்குச் செவிசாய்த்துப் பழகியவர்கள். காலடியில் கிடக்கும் அடம்புக்கு அத்துணைப் புகழ் வாய்க்கவில்லை. சங்க நூல்களின் அடும்பே இன்றைய அடம்பு, பேச்சில் அடம்பன்கொடி. சிங்களத்தில் அதனை முகுது பின்தம்புரு என்பர்.

இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் பெயர்களின் கதை விளங்கும். நுனி இரண்டாகப் பிளந்து, நடுவே பள்ளம் விழுந்து, தடித்து மினுமினுக்கும் இலை அது. குறுந்தொகைப் புலவர் ஒருவர் அதனை மானின் அடிக்கு ஒப்பிட்டார். பல நூற்றாண்டு கழித்துச் சுவீடன் நாட்டு இயற்கையறிஞர் லின்னேயசு 1753இல் அதற்குப் பெயரிட்டபோது ஆட்டின் அடி என்னும் பொருள்படப் 'பெசு காப்ரே' என்றார். தமிழ் மருத்துவ வழக்கிலோ குதிரைக்குளம்பு என்னும் பெயரும் உண்டு. மான், ஆடு, குதிரை என விலங்கு வேறுபட்டாலும் கண்ட கண்கள் கண்டது ஒன்றே. 1818இல் தாவரவியலாளர் இராபர்ட்டு பிரௌன் இதனை இப்போமியா என்னும் பேரினத்தில் சேர்த்தார். புழுவைப் போல் நெளிந்து செல்வது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். நம் அடுக்களைக்கு வரும் வற்றாளைக்கிழங்கும் கங்குன்கீரையும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. அடம்பின் ஒரு பூவை அவற்றின் பூவோடு சேர்த்து வைத்தால் உறவு தானே தெரியும்.

இனி அது வாழும் இடத்தின் கொடுமையைச் சொல்ல வேண்டும். நண்பகலில் கல்லடிக் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நின்றவர்க்கு அதன் சூடு தெரியும். மழை பெய்தால் நீர் நொடியில் மணலுக்குள் இறங்கி மறையும். ஊட்டம் என்று சொல்லத்தக்கது அம்மணலில் மிகக் குறைவு. அலை ஒதுக்கும் பாசியும் மட்கிய சருகும் தருவதே பெரிது. இவை போதாவென்று கடற்காற்று ஓயாமல் உப்புத்துவலையை இலைமேல் வீசுகிறது. பெரும்பாலான செடிகளுக்கு உப்பு இருவகையில் நஞ்சாகும். வேரைச் சுற்றி உப்பு மிகுந்தால் நீரை உள்ளிழுப்பது அரிதாகிறது. நீர் நிறைந்த இடத்திலேயே செடி நீர்வேட்கையால் வாடுகிறது. உள்ளே புகுந்த உப்போ உயிர்க்கலத்தின் வேதிவினைகளைக் குலைக்கிறது.

அடம்பு இவ்விரண்டையும் எதிர்கொள்ளும் முறை எளியது, ஆயினும் நுட்பமானது. உள்ளே வரும் உப்பைக் கலத்தின் நடுவேயுள்ள புன்வெற்றிடத்தில் அடைத்து வைத்து, வினைகள் நடக்கும் இடத்துக்கு அதனை எட்டவிடாது காக்கிறது. அடைத்த உப்பு செறிந்துவிடாதபடி இலை நீரைச் சேர்த்துத் தடிக்கிறது. நாம் விரலால் நெருடும் அந்தச் சதைப்பற்று உப்பை நீர்க்கச் செய்வதற்கான ஏற்பாடே. மேற்புறத்து மெழுகுப்பூச்சு துவலையை வழியவிடுவதோடு ஆவியுயிர்ப்பையும் மட்டுப்படுத்துகிறது. வெயில் ஏறும்போது இலை நடுநரம்பை ஒட்டிச் சற்றே மேல்நோக்கி மடிந்து, கதிர் நேராக விழும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. காலையில் விரிந்தும் உச்சிப்பொழுதில் குவிந்தும் நிற்கும் இலைகளை ஒரே கொடியில் ஒரே நாளில் காணலாம். கருவி எதுவும் வேண்டாம், பொறுமை போதும்.

ஆயினும் அடம்பின் தலையாய பணி இலையில் இல்லை. அது தண்டில் இருக்கிறது. தண்டு பல மீற்றர் நீளம் மணல்மேல் ஓடும். ஓடும் வழியில் கணுதோறும் வேர்விடும். தாய்வேர் ஆழத்தே இறங்கித் தடிக்கிறது; கணுவேர்கள் மேல்மணலைப் பற்றுகின்றன. கடற்காற்று மணலை வாரி எடுத்துப் பறப்பது போல் நமக்குத் தோன்றினாலும், பெரும்பாலான மணிகள் தரையை ஒட்டித் துள்ளித் துள்ளியே செல்கின்றன. அத்துள்ளல் சில அங்குல உயரத்தில் நிகழ்வது. அடம்பின் இலைகள் நிற்பதும் அதே உயரத்தில்தான். இலைக்கூட்டத்துள் புகுந்த காற்று வலுவிழக்கிறது. சுமந்து வந்த மணலை அங்கேயே போட்டுவிடுகிறது. வேறொரு செடியாயின் அம்மணலே அதற்குப் புதைகுழி. அடம்போ புதைந்த கணுவில் புது வேர்விட்டு, நுனியை மேலே நீட்டி, ஏறிய மணலின்மேல் மறுபடியும் படர்கிறது. மீண்டும் மணல் சேரும். மீண்டும் கொடி ஏறும். மணல்மேடு இவ்வாறே வளர்கிறது. மணலுக்கும் கொடிக்கும் இடையே நிகழும் இப்போட்டியைக் காட்டிலும் அழகிய கட்டுமானத்தை நான் கண்டதில்லை.

இராவணன் மீசைப் புல்லும் இப்பணியில் துணைநிற்பது. கூரிய முனைகளோடு உருண்டையாய் நிற்கும் அதன் கதிர்த்தலைகளைக் காற்று உருட்டிச் செல்ல, கடற்கரைச் சிறுவர் அவற்றின் பின்னே ஓடுவர். அலைக்கு மிக அண்மையில், முன்வரிசையில் நிற்பவை இவை இரண்டும். இவை மணலை அமைதிப்படுத்திய பின்னரே பின்வரிசையில் தாழையும் பிற புதர்களும் காலூன்ற முடிகிறது. உலகின் வெப்பக் கரைகள் பலவற்றில் இவ்வொழுங்கு காணப்படுவதால், செருமானிய நிலைத்திணை அறிஞர் சிம்பர் 1891இல் அம்முன்வரிசைக் கூட்டத்துக்கே அடம்பின் பெயரை இட்டுப் 'பெசு காப்ரே அமைவு' என்றார்.

'அடம்பன்கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று ஈழத்தமிழர் சொல்வது ஒற்றுமையை வற்புறுத்தவே. தனிக்கொடி இழுத்தால் அறும். பலவற்றைச் சேர்த்து முறுக்கினால் அறாது. அப்பழமொழியைச் சொன்னவர் கயிற்றை எண்ணியிருக்கலாம். கணுதோறும் வேரூன்றி, ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கும் கொடிப்பரப்பைப் பார்க்கும் எனக்கு, அது மணல்மேட்டின் இலக்கணமாகவே ஒலிக்கிறது.

பூவைப் பார்க்க வேண்டின் விடியலில் வரவேண்டும். மொட்டு முறுக்கவிழ்ந்து கதிரவனோடு விரிகிறது. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புனல்வடிவம். ஐந்து இதழ்களும் ஒன்றாய் இணைந்தவை. தொண்டைப்பகுதி மட்டும் செறிந்த நிறம். அச்செறிவு வண்டுகளுக்குத் தேன் இருக்கும் இடத்தைக் காட்டும் குறி. கருவண்டும் தேனீயும் தலையை உள்ளே நுழைத்துப் பூந்தாதைச் சுமந்து வெளிவருகின்றன. தன் பூந்தாதால் தானே சூல்கொள்ளாத இயல்பினதாகலின், அடம்புக்கு அவற்றின் வருகை இன்றியமையாதது. பிற்பகலில் பூ சுருங்கிவிடும்; ஒரு பூவுக்கு ஒரு பகலே வாழ்வு. இலைக்காம்பின் நுனியிலும் இரு சிறு தேன்சுரப்பிகள் உண்டு. அவை எறும்புகளுக்கானவை, தேனுண்ண வரும் எறும்புகள் கொடியைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகின்றன.

காய் முற்றி வெடித்தால் நான்கு விதைகள். ஒவ்வொன்றும் கறுத்து, பட்டுப்போன்ற மயிர் போர்த்து, கல்லெனக் கடினமானது. இது கடலில் மிதக்கும். மாதக்கணக்கில் உப்புநீரில் கிடந்தும் முளைக்கும் ஆற்றலை இழக்காது. தோல் தேய்ந்தோ கீறியோ நீர் உட்புகும்வரை அது உறங்கும். 1883இல் கிரக்கதோவாத் தீவின் எரிமலை வெடித்துத் தீவின் மரஞ்செடி கொடிகளையெல்லாம் அழித்தது. 1897இல் அங்குச் சென்ற ஆய்வாளர்கள் கரையோரத்தில் அடம்பு படர்ந்திருக்கக் கண்டனர். விதைத்தவர் எவருமிலர், கடலே விதைத்தது. இக்கொடியில் இரு துணையினங்கள் உண்டு: ஒன்று இந்துமாக்கடலின் வடகரைகளுக்கு மட்டும் உரியது, மற்றது உலகின் வெப்பக் கரைகளிலெல்லாம் பரந்தது. பரந்துபட்ட இத்துணையினத்தின் மரபுக்கூறுகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, விதைகள் இன்றளவும் மாக்கடல் கடந்து சென்று தொலைக்கரைகளின் கொடிகளை ஒரே குடும்பமாய் இணைத்து வைத்திருக்கின்றன என்று காட்டியது.

அகநானூற்றில் ஒரு காட்சி உண்டு. சூல்கொண்ட ஆமை அடும்பின் கொடி சிதையும்படி ஏறிவந்து, வெண்மணலில் முட்டையிட்டுப் புதைக்கிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆணாமை அங்கே காத்திருக்கிறது. பின்பகுதி அறிவியலுக்கு ஒவ்வாது; கடலாமைகளில் ஆண் கரையேறிக் காவல் இருப்பதில்லை. ஆனால் முன்பகுதி களத்தில் நின்று பார்த்தவர் சொல். உயர்அலை எட்டாத, கொடி படரத் தொடங்கும் விளிம்பே ஆமை முட்டையிட நாடும் இடம். இலங்கையின் கீழ்க்கரைக்கு இன்றும் கடலாமைகள் வருகின்றன.

மருத்துவப் பயனைப் பொறுப்போடு சொல்ல வேண்டும். மூட்டுவீக்கத்துக்கும் வாதவலிக்கும் இலையை வதக்கிக் கட்டுவதும், வேரையும் இலையையும் குடிநீராக்குவதும் நாட்டு மருத்துவத்தில் உண்டு. சொறிமுட்டை தீண்டிய இடத்தில் இலையைக் கசக்கிச் சாறிடுவது வெப்பக் கரையோர மக்கள் பலரிடமும் உள்ள பழக்கம். தாய்லாந்திலும் அது உண்டு. இப்பழக்கத்தைத் தாய்லாந்து, சுவீடன் அறிஞர்கள் சேர்ந்து 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தனர். இலைச்சாறு சொறிமுட்டை நஞ்சின் சில வினைகளைத் தணித்தது. வீக்கத்தைத் தூண்டும் பொருள்கள் உடலில் உருவாவதையும் அதன் கூறுகள் தடுத்தன. மீனவர் கை அறிந்ததை ஆய்வுக்குழாய் ஒப்பியது. ஆயினும் ஆய்வுக்கூட முடிவு வேறு, ஆளுக்கு மருந்து வேறு. தீண்டப்பட்டவர்க்கு மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ இலையைத் தேடி நிற்கலாகாது. மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அடம்பு சேர்ந்த தாவரக் குடும்பத்துக்குப் பொதுவான பிசின்கள் வயிற்றைக் கடுமையாய்ப் போக்குபவை. அதே குடும்பத்துச் சிவதையின் பேதிக்குணமும் அப்பிசினாலேதான். ஆதலின் மருத்துவர் துணையின்றி அடம்பை உள்ளுக்குக் கொள்வது தகாது.

2004 டிசெம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை இக்கரையை வாரியது. நாவலடியும் டச்பாரும் கல்லடித் திருச்செந்தூர்ப் பகுதியும் இழந்த உயிர்களை இன்னும் நினைந்து அழுகின்றன. அத்திருச்செந்தூர் முருகன் கோயிலின் சாய்ந்த கோபுரம் அந்நாளின் அடையாளமாயிற்று. அடம்பு இருந்திருந்தால் அலை நின்றிருக்கும் என்று எவரேனும் சொன்னால் அது பொய். மாண்டோர்க்குச் செய்யும் பிழையும் ஆகும். அத்தகைய அலையைத் தடுக்கும் ஆற்றல் ஒரு கொடிக்கு இல்லை. ஆண்டுதோறும் வாடைக்காற்றின் அலைகள் கரையை அரிக்கும்போது, இழந்த மணலை வெயிற்காலத்தில் திரும்பச் சேர்ப்பது மட்டுமே அதனால் ஆவது. அந்தச் சிறுபணியை எந்தக் கூலியுமின்றி ஆண்டுதோறும் செய்வதாலேயே கரை கரையாய் நிலைக்கிறது. அடம்புக்கு முழுவெயில் வேண்டும். கரைக்காப்புக்கெனச் சவுக்கினை நெருக்கி நட்டால் நிழலும் உதிர்ந்த ஊசிச்சருகும் அதனை நலிவிக்கும். கடலை நோக்கிய முன்விளிம்பைச் சவுக்குக்கு விடாமல் கொடிக்கு விடுவதே அறிவுடைமை என்பது என் துணிபு.

கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலய வளவில் விபுலானந்த அடிகள் துயில்கின்றார். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியும் என்று காட்டக் கலைச்சொல் ஆக்கத்தில் உழைத்தவர் அவர். அவர் துயிலும் இடத்துக்கு அருகிலேயே தாவரவியலின் பல பாடங்கள் மணலில் கிடக்கின்றன: உப்பும் நீரும், வேரும் மணலும், பூவும் வண்டும், விதையும் கடலும். மாணவரை அங்கு அழைத்துச் செல்ல ஆசிரியர்க்கு ஒரு விடியற்காலை போதும்.

கடற்கரையைத் துப்புரவு செய்யும் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். போத்தலையும் பொலித்தீன் பையையும் அறுந்த வலைத்துண்டையும் ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். இருக்கை போடவும் விளையாடவும் இடம் வேண்டுமென்றால் மேட்டுக்குப் பின்னே ஒதுக்கிக்கொள்ளுங்கள். கொடியைக் குப்பையென்று இழுத்தெறியாதீர்கள். கடலுக்குச் செல்ல ஒரே பாதையை வகுத்து, எஞ்சிய மணலை அடம்புக்கு விட்டுவிடுங்கள்.