கரிசலைத் தாண்டினால் செம்மணல் காடு!
மதுரையிலிருந்து ஒரு நாள் கார் பிரயாணம்

பாலைவனம் பார்க்க ராஜஸ்தானுக்குத்தான் போக வேண்டுமா? வேண்டாம்! மதுரையில் அதிகாலையில் காரில் ஏறினால், உச்சி வேளைக்குள் செக்கச் செவேல் என்ற மணல் காட்டில் நிற்கலாம். அதற்குப் பெயர் தேரி.

நான்கு நிறங்கள்

மதுரையிலிருந்து தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் சுமார் 180 கிலோமீட்டர். அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல் மண். 1882-ம் ஆண்டில் பாரதியார் பிறந்த எட்டயபுரம் வழியிலேயே இருக்கிறது. அங்குள்ள மணிமண்டபத்தில் சற்று இளைப்பாறலாம்.

தூத்துக்குடியில் கறுப்பு போய் வெள்ளை வருகிறது. அத்தனையும் உப்பளங்கள்! ஆத்தூர் பக்கம் தாமிரபரணியைக் கடக்கும்போது வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் பச்சைப் பசேல் என்று நிற்கின்றன.

திருச்செந்தூரிலிருந்து காயாமொழி பக்கம் திரும்பினால், நான்காவது நிறம் சிவப்பு!

மணல் வந்தது எப்படி?

ஆடிக் காற்று மலைக் கணவாய்களின் வழியே சீறி வந்து, சமவெளியின் செம்மண்ணை வாரிக் கடலோரம் குவித்தது. மணலின் மேல் படிந்த இரும்புத் துருவே இந்தச் சிவப்புக்குக் காரணம். ஆதி மனிதர் செய்த சிறு கல் கருவிகளும் தேரிகளில் கிடைத்துள்ளன. ஸாய்னர், ஆல்ச்சின் என்ற இரு அறிஞர்கள் 1956-ம் ஆண்டில் இதுபற்றி விரிவாக எழுதினார்கள்.

இங்கே மழை இல்லாமல் இல்லை. பெய்த மழையை மணல் குடித்துவிடுகிறது. மேலப்புதுக்குடியில், மணல் மேடுகளுக்கு நடுவே, அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் சுனையில் தண்ணீர் நிற்பது பார்ப்பவரைத் திகைக்க வைக்கும்!

மரமே காவல்

தேரி மணல் காற்றில் நடக்கும். வயலையும் கிணற்றையும் மூடிவிடும். பனையும் உடை மரமும் கொல்லா மரமும்தான் அதைக் கட்டி வைத்திருக்கின்றன. மரத்தை வெட்டினாலோ, மண்ணை லாரியில் அள்ளினாலோ என்ன ஆகும்? அடங்கிக் கிடக்கும் மணல் மறுபடி கிளம்பும்! சுனைக்கு ஊறும் நீரும் குறையும்.

தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் ஆண்டுதோறும் கள்ளர் வெட்டுத் திருவிழா நடக்கிறது. கள்வனாகப் பாவித்து இளநீரை வெட்டுவார்கள். அது சிந்திய மண்ணைப் பக்தர்கள் கைப்பிடி அள்ளி, வீட்டுக்கும் வயலுக்கும் கொண்டு போகிறார்கள். அந்த அளவோடு நின்றால் தேரிக்குக் கேடில்லை.

பிரயாணிகள் கவனிக்க!

தார்ச் சாலையை விட்டுக் காரை இறக்கக் கூடாது, சக்கரம் புதைந்துவிடும். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். நடுப்பகலில் மணல் காலைச் சுடும். ஆடி மாதத்தில் கண்ணைத் திறக்க விடாமல் புழுதி அடிக்கும். தை, மாசி மாதங்களே உகந்தவை. மாலையில் உடன்குடிக் கருப்பட்டி வாங்கிக்கொண்டு கிளம்பினால், இரவுச் சாப்பாட்டுக்கு மதுரை திரும்பிவிடலாம்.