நீல அட்டை, சிவப்பு அட்டை: மின் அரசாங்கத்தின் முதல் காகிதம்

2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால், சுங்கைப்பட்டாணியிலிருந்து கோத்தா கோலா மூடா கடற்கரைக்குப் போகும் பக்கத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் ஒரு பழைய தோட்டம். அப்போது அரசாங்கம் 18 வயதுக்கு மேற்பட்ட குடிமக்கள் எல்லாருக்கும் ஒரே ஒரு முறை 100 ரிங்கிட் உதவி அறிவித்திருந்தது. பாரம் நிரப்ப வேண்டியதில்லை, வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கடையில் அரிசி, முட்டை, ரொட்டி என்று அடிப்படைப் பொருள்களை எடுத்துக்கொண்டு மைக்காட்டை நீட்டினால் போதும். நாட்டில் மின் அரசாங்கம் இவ்வளவு எளிமையாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

அம்மாவையும் சின்னம்மாவையும் மோட்டார் வண்டியில் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுபோய்க் கடையில் விட்டேன். அம்மாவின் அட்டையை இயந்திரம் உடனே ஏற்றுக்கொண்டது. சின்னம்மா அட்டையை எடுக்கவே தயங்கினார். "எனக்கு வராதுப்பா, எனக்குத் தெரியும்" என்றார். நான்தான் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு, "தாக் லெப்பாஸ், மக்சிக்" என்றாள், மிகவும் மென்மையாக. சின்னம்மா முட்டையைத் திரும்ப அடுக்கில் வைக்கப் போனார். அம்மா தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இருவரும் ஒரே தாய் வயிற்றில், ஒரே லயத்தில் பிறந்தவர்கள். அம்மா 1958-இல், சின்னம்மா 1961-இல். அம்மாவிடம் நீல அட்டை, சின்னம்மாவிடம் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அட்டை. படிக்கிற காலத்தில் பொருளாதார மேம்பாடு, மின் ஆளுமை என்றெல்லாம் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதியவன் நான். அந்தப் படிப்பில் எனக்குப் புரியாத ஒன்றை அன்று ஒரு மளிகைக் கடையில் புரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

நம் நாட்டில் இதன் தொடக்கம் பலருக்கும் தெரிந்ததே. 1996-இல் டாக்டர் மகாதீர் மல்டிமீடியா பெருவழித் திட்டத்தை அறிவித்தார். அதன் ஏழு முதன்மைப் பயன்பாடுகளில் மின் அரசாங்கம் ஒன்று, பல்நோக்கு அட்டை இன்னொன்று. அந்த அட்டைதான் 2001 செப்டம்பரில் மைக்காட் என்ற பெயரில் வெளிவந்தது. அடையாள அட்டைக்குள் ஒரு சில்லைப் பதித்து விரல்ரேகை உள்ளிட்ட விவரங்களை அதில் ஏற்றிய முன்னோடி நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஆனாலும் பல ஆண்டுகள் அந்தச் சில்லு பெரும்பாலும் பணப்பையில் தூங்கியது. இப்போதுதான் அது முழுமையாக விழித்திருக்கிறது. 100 ரிங்கிட் உதவி அப்படி வந்தது. அதே மாதம் 30-ஆம் தேதி முதல் ரோன் 95 பெட்ரோலும் அப்படித்தான் ஆயிற்று. ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமகனுக்கு மைக்காட் காட்டினால் லிட்டர் 1.99 ரிங்கிட், மற்றவர்களுக்கு அன்றைய விலை 2.60. காப்பிக்கடையில் மேசை துடைத்துப் பிழைக்கும் சின்னம்மா தன் பழைய கப்சாய் மோட்டாருக்கு அப்போது ஒவ்வொரு லிட்டருக்கும் 61 சென் கூடுதலாகக் கொடுத்தார்.

இயந்திரம் எப்படி முடிவெடுக்கிறது? உண்மையில் அது முடிவெடுப்பதே இல்லை. அட்டையிலிருந்து 12 இலக்க எண்ணை எடுத்து, தொலைவில் உள்ள ஒரு பட்டியலிடம் கேட்கிறது. பட்டியல் உண்டு அல்லது இல்லை என்கிறது. எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். கெடாவுக்கு 02. சின்னம்மாவின் எண்ணிலும் நடுவில் 02 இருக்கிறது! கெடாவில் பிறந்தவர் என்று அட்டை சொல்கிறது. ஆனால் அதன் நிறம் வேறொன்றைச் சொல்கிறது.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி, 1957 மெர்டேக்கா நாள் முதல் 1962 அக்டோபருக்கு முன்புவரை கூட்டரசுக்குள் பிறந்தவர், மிகச் சில விலக்குகள் தவிர, பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யார் என்ற கேள்வியே இல்லை. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குத்தான் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. ஆகவே 1961-இல் எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்த சின்னம்மா, பிறந்த நொடியிலிருந்தே இந்நாட்டுக் குடிமகள். யாரும் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நிரூபிக்க மட்டும் வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அம்மா தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தார். டிரெஸர் எழுதிக் கொடுத்தார், கிராணி பாரம் நிரப்பினார், பத்திரம் வந்தது. சின்னம்மா ஓர் இரவில் வீட்டிலேயே மருத்துவச்சி கையில் பிறந்தார். பதிவு செய்ய டவுனுக்குப் போக வேண்டும், போனால் தாத்தாவுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். அடுத்த மாதம் போகலாம் என்றிருந்தது அப்படியே நின்றுபோனது. பிறகு அட்டை எடுக்கும் வயதில் பத்திரம் இல்லாததால் சிவப்பு அட்டை கிடைத்தது. தோட்டத்துக்குள் வேலை செய்ய அது போதும். அந்தக் காலத்தில் எங்கள் உலகமே பெரட்டுக்களத்தில் தொடங்கி வெட்டுமரத்தில் முடிந்தது.

கிராணியைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய தலைமுறைக்குக் கிராணி என்றால் பழைய சிறுகதைகளில் வரும் அதிகாரத் தோரணை மட்டுமே நினைவுக்கு வரும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அவர்தான் அரசாங்கத்தின் முகப்பு. செக்ரோல் அவர் கையில் இருந்தது. யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, யாருக்குப் பிள்ளைப்பேறு, யார் இறந்தார், எல்லாம் அதில் இருந்தன. இன்று தரவுத்தளம் என்று நாம் சொல்வது அதுவேதான். தோட்டங்கள் கைமாறி, ரப்பர் செம்பனையாகி, மக்கள் சுங்கைப்பட்டாணி தொழிற்சாலைகளுக்கும் தாமான்களுக்கும் போன பிறகு அந்தப் பேரேடுகளை யாரும் பாதுகாக்கவில்லை.

நான் மின் அரசாங்கத்துக்கு எதிரானவன் அல்லன். செய்தி வெளிச்சத்துக்கு வருவது ஏழைக்கு எவ்வளவு நல்லது என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஓர் எதிர்ச் சான்று உண்டு. மூடா ஆற்றின் முகத்துவாரத்தில், தென்கரையில், பினாங்கு எல்லைக்குள் 'பாசார் பிசிக்' என்ற மீன் சந்தை இருக்கிறது. கிசுகிசுச் சந்தை! வாங்க வருபவர் தன் விலையை ஏலம் விடுபவரின் காதில் மட்டும் சொல்வார். அடுத்தவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. பார்க்க வேடிக்கையாக இருக்கும். அவ்வாறு விலை காதோடு காதாக நிற்கும் கரையில் மீனவர் பக்கத்துக் கரையின் நிலவரம் தெரியாமலேதான் விற்க வேண்டும்.

இதைக் கேரளாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1997 முதல் 2001 வரை அதன் வட கடற்கரையில் கைப்பேசி கோபுரங்கள் வந்ததை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். கோபுரம் வருவதற்கு முன், 1997 ஜனவரியில் ஒரு நாள் காலை, வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டும் நிலையில் இருந்தார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கைப்பேசி வந்தபின் கடலில் இருந்தபடியே விலை கேட்டார்கள். மீன் வீணாவது ஏறத்தாழ நின்றது. மீனவர் இலாபம் சராசரி 8 விழுக்காடு உயர்ந்தது, வாங்குபவருக்கு விலை 4 விழுக்காடு இறங்கியது. இரு பக்கமும் நன்மை.

அரசாங்கப் பதிவேடுகளில் இதற்கு இணையாகக் கர்நாடகத்தின் 'பூமி' திட்டத்தைச் சொல்வார்கள். ஏறக்குறைய 9,000 கிராமக் கணக்கர்களின் கையிலிருந்த நிலப் பதிவுகளை 2001 வாக்கில் கணினிக்கு மாற்றினார்கள். சுமார் 2 கோடிப் பதிவுகள், 67 இலட்சம் விவசாயிகள். 15 ரூபாய் கட்டினால் வட்ட அலுவலக முகப்பிலேயே நகல் கிடைத்தது. விவசாயி பார்ப்பதற்கென்றே இரண்டாவது திரை ஒன்று வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விவரம் அந்தத் திரைதான்.

ஆனால் கூர்ந்து பாருங்கள். கேரளத்து மீனவரிடம் முன்பே படகு இருந்தது. கர்நாடகத்து விவசாயியின் பெயர் முன்பே பதிவேட்டில் இருந்தது. பதிவில் பெயரே இல்லாத குத்தகைக்காரர் அந்த முகப்பில் 15 ரூபாயை நீட்டினால் என்ன கிடைத்திருக்கும்? கணினி புதிய உரிமை எதையும் உண்டாக்குவதில்லை. காகிதத்தில் இருப்பதை வேகமாக்குகிறது. காகிதத்தில் இல்லாததையும் அதே வேகத்தில் மறுக்கிறது. கிராணி காலத்தில் "பார்க்கலாம், அடுத்த வாரம் வா" என்ற ஒரு பதிலாவது இருந்தது. கடைக்காரப் பெண்ணுக்கு அந்த அதிகாரம்கூட இல்லை.

இது சின்னம்மாவோடு நிற்பதில்லை. 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி நம் திருமணங்கள் அரசில் பதிவாக வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டவர்களின் பிள்ளை சட்டத்தின் கண்ணில் தாயின் நிலையையே பின்பற்றும். தந்தை நீல அட்டைக்காரராக இருந்தும் பயனில்லை. தாயிடம் பத்திரமே இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு பிடிபிடிஎன் கடன் கிடையாது. நாம் பல்கலைக்கழகத்துக்கு இணையம்வழி விண்ணப்பித்தபோது முதல் கட்டத்தில் அடையாள அட்டை எண்ணை நிரப்பினோமே, அந்தக் கட்டத்திலேயே அவன் நின்றுவிடுகிறான். (சின்னம்மாவின் மகன் தப்பித்தான். சித்தப்பா நீல அட்டைக்காரர், திருமணத்தையும் முறையாகப் பதிந்திருந்தார்.) 2011-இல் 'மைடாஃப்தார்' என்ற பெயரில் இந்தியர்களுக்காகவே ஒரு பதிவு இயக்கம் நடந்தது. 2017-இல் வெளியான மலேசிய இந்தியர் பெருந்திட்டம் இச்சிக்கலில் உள்ளோரை 25,000 பேர் என்று மதிப்பிட்டது. இதற்கிடையே 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகள் தாமாகவே குடிமக்களாகும் வழியை நீக்க வகை செய்தது. சிவப்பு அட்டை தாய்மார்களுக்கு இது சாதாரணச் செய்தியன்று.

காகிதமே இல்லாதவரை ஒரு கணினி அமைப்பு எப்படிச் சேர்த்துக்கொள்வது? இந்தியாவின் ஆதார் இதற்கு ஒரு வழி வைத்தது. ஆவணம் எதுவும் இல்லாதவரை, அங்கீகாரம் பெற்ற ஒருவர் 'எனக்கு இவரைத் தெரியும்' என்று அறிமுகம் செய்து பதிவு செய்ய முடிந்தது. ஆதார் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்பது உண்மை. ரேஷன் அட்டையை அதனோடு இணைக்காததால் அரிசி இழந்த குடும்பங்களின் கதைகளும் உண்டு. இருந்தாலும், மனிதன் மனிதனுக்குச் சாட்சி சொல்வதை அமைப்புக்குள்ளேயே ஏற்றுக்கொண்டார்களே, அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. உலக வங்கியின் முந்தைய கணக்கு ஒன்றில் ஏறத்தாழ 85 கோடிப் பேரிடம் எந்த அதிகாரபூர்வ அடையாளமும் இருக்கவில்லை. அவர்களுக்குத் தொடக்கம் ஓர் ஆளின் வாய்ச்சொல்லாகத்தான் இருக்க முடியும்.

அந்த விடுமுறையில் நானும் சாட்சி தேடிப் புறப்பட்டேன். தோட்டத் தமிழ்ப்பள்ளி இடம் மாறிவிட்டாலும் பழைய சேர்க்கைப் பதிவேடு இருந்தது. தலைமையாசிரியர் ஒரு மதியம் முழுவதும் என்னோடு உட்கார்ந்து தேடினார். 1968 சேர்க்கையில் சின்னம்மாவின் பெயர், தாத்தா பெயர், பிறந்த ஆண்டு 1961, பிறந்த இடம் அதே தோட்டம். ஆனால் பெயரின் எழுத்துக்கூட்டல் அட்டையில் இருப்பதுபோல் இல்லை. அம்மை ஊசி போட்ட அட்டை ஒன்று பாட்டியின் பெட்டியில் கிடைத்தது. அதில் மூன்றாவது எழுத்துக்கூட்டல். நம் பெயர்களை ரோமன் எழுத்தில் காதுக்குக் கேட்டபடி எழுதியவர்கள் பலர். நமக்கு அது ஒரே பெயர். கணினிக்கு மூன்று பெண்கள்.

கடைசியாக, சுங்கைப்பட்டாணி தாமான் ஒன்றில் மகளோடு இருக்கும் பழைய கிராணி ஐயாவைப் பார்க்கப் போனேன். வயது 80-ஐத் தாண்டிவிட்டது. பாட்டி பெயரைச் சொன்னதும், "மூணாம் நம்பர் லயம், கடைசி வீடு" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்த வருசம்தான் நான் சின்ன கிராணியா வேலைக்குச் சேர்ந்தேன் தம்பி. உங்க பாட்டிக்குப் பிள்ளைப்பேறு காசு நான்தான் எழுதினேன். செக்ரோல் இருந்தா காட்டியிருப்பேன்" என்றார்.

"செக்ரோல் எங்கே ஐயா?"

"தோட்டம் கைமாறினப்போ ஆபீஸ் பின்னால போட்டு எரிச்சாங்க. மூணு நாள் எரிஞ்சது."

சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் அவர் கையெழுத்திட்டார். மூன்று எழுத்துக்கூட்டலும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று சின்னம்மாவும் ஒரு பிரமாணம் செய்தார். பள்ளிப் பதிவேட்டின் நகல், ஊசி அட்டை, அம்மாவின் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் சேர்த்து டிசம்பரில் விண்ணப்பத்தைக் கொடுத்தோம். அதன் நிலையை இணையத்தில் பார்க்கலாம் என்று முகப்பில் சொன்னார்கள். அன்று மாலை என் மடிக்கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து சின்னம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார்.

"பேர் எப்படி எழுதியிருக்காங்கப்பா?"

"அட்டையில இருக்கிற மாதிரியே, சின்னம்மா."

"அப்ப சரி" என்றார். பிறகு, காப்பிக்கடைக்கு நேரமாகிவிட்டது, மோட்டாரில் எண்ணெய் இருக்கிறதா பார் என்றார்.