சிங்கப்பூர் டூருக்கு வீட்டு கம்ப்யூட்டரில் திட்டம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து காரில் திருச்சி, அங்கிருந்து நேராக சிங்கப்பூருக்கு விமானம். என் அம்மா, பிள்ளைகள் உட்பட ஐந்து பேருக்கான திட்டத்தை வீட்டு கம்ப்யூட்டரிலேயே போட்டேன்.

எக்ஸெல் திறந்து நாளுக்கு ஒரு வரிசை கொடுங்கள். காலைக்கு ஒரு கட்டம், மாலைக்கு ஒரு கட்டம். மதியக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். பெரியவர்கள் படுத்து எழ வேண்டாமா? நிரப்பும் முன் கூகுள் மேப்ஸில் இரண்டு இடங்களுக்கும் உள்ள வழியைப் பாருங்கள். பொட்டானிக் கார்டன்ஸிலிருந்து லிட்டில் இந்தியா, டவுன்டவுன் லைன் ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன். வண்டி மாற வேண்டியதில்லை. அதனால் இரண்டையும் ஒரே நாளில் வைத்தேன். பொட்டானிக் கார்டன்ஸுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் ஆர்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட்.

கவனம் தேவைப்படுவது அரைவல் கார்டில்தான். இது விசா அல்ல; விசாவை அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம் முன்பே வாங்கிவிட வேண்டும். அரைவல் கார்டை, போய் இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். முற்றிலும் இலவசம். ஆனால் கூகுளில் தேடினால் பணம் கேட்கும் தளங்களும் வருகின்றன. அங்கே நிரப்பினால் பணத்தோடு பாஸ்போர்ட் விவரங்களும் யாரிடமோ போய்விடும். எனவே அட்ரஸ் பாரைப் பாருங்கள். தளத்தின் பெயர் 'ஜிஓவி டாட் எஸ்ஜி' என்று முடிய வேண்டும். அதற்குப் பிறகு சாய்கோடு வரலாம். இன்னொரு டாட் வந்தால், டேபை மூடிவிடுங்கள்.