மழைக்காலமும் பழைய மோட்டார் சைக்கிளும்

சென்ற கார்த்திகையில் ஓர் இரவு, மூச்சுத்திணறிய எம் பாட்டியாருக்கு மருந்து வாங்கிவர எம் தந்தையாரின் பழைய மோட்டார் சைக்கிளிற் புறப்பட்டோம். பெருமழையில் வண்டி நின்றுவிட்டது. மருந்து ஒரு மணி நேரம் தாழ்த்தே வந்தது. பாட்டியார் இறையருளாற் பிழைத்தார். பிழை வண்டியினுடையதன்று, அதனைப் பேணாத எம்முடையதே.

பழைய புல்லட் போன்ற வண்டிகளில், ‘பாயிண்டு’ எனப்படும் இரு தொடுமுனைகள் பிரியுங்கால் காயிலில் உயர் மின்னழுத்தம் எழுகின்றது. அது தடித்த கம்பி வழியே பிளக்கை அடைந்து பொறியாகின்றது. கம்பியின் உறை வெடித்திருப்பின், ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்தோடும், பொறி பிறவாது. ஆதலின் வெடித்த கம்பியையும் பிளக் மூடியையும் மாற்றுக. பாயிண்டை உலர்ந்த துணியால் துடைத்து, இடைவெளியைப் புல்லட்டாயின் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் நிறுத்துக.

பெட்ரோலினும் நீர் கனமானது. தொட்டியுட் புகுந்த மழைநீர் கார்புரேட்டர்க் கிண்ணத்தின் அடியிற் தங்கும். அதனைக் கழற்றி வடித்துவிடுக. மழை கழுவிய சங்கிலிக்கு எண்ணெய் இடுக.

யாவற்றினும் முதன்மையானது பிரேக்கு. நனைந்த டிரம் பிரேக்கு உடனே பற்றாது. வெள்ளங் கடந்தபின் மெல்லச் சென்று, சிறிது சிறிதாக அழுத்தி உலர்த்திய பின்னரே விரைதல் வேண்டும்.

இவற்றிற்கு வேண்டுவது ஒரு மாலைப்பொழுதே. இப்பொழுதெல்லாம் வானங் கறுத்தவுடன், “வண்டியைத் துடைத்தாயிற்றா?” என்று முதலில் வினவுபவர் எம் பாட்டியாரே.