அடி விழுவதற்கு முந்திய கதை

பாடசாலைப் பெண்பிள்ளைகள் சண்டை பிடிக்கும் காணொளிகள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். வெள்ளைச் சீருடை, பஸ் நிலையம் அல்லது ரியூஷன் வகுப்பு வாசல், ஒருத்தியின் பின்னல் மற்றவளின் பிடியில், சுற்றி நின்று கூவும் கூட்டம், ஆடிக்கொண்டே படம் பிடிக்கும் ஒரு போன். அரை நிமிடம்கூட ஓடாது. எந்த ஊர், எந்தப் பாடசாலை என்று தெரியும் முன்பே சிலாபத்திலிருந்து கல்பிட்டி வரை வட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வந்துவிடும். பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடுத்த நாள் பாடசாலை இரண்டு பெற்றோரையும் கூப்பிடும். அத்தோடு கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

அந்தக் காணொளியில் அடி மட்டும்தான் இருக்கிறது. அதற்கு முந்திய ஆறு மாதம் இல்லை. யார் யாரைப் பற்றிக் கதை கட்டினார்கள், யார் தூண்டிவிட்டார்கள், எந்த ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது, வீட்டில் யார் இருந்தார்கள், யார் இருக்கவில்லை என்பதெல்லாம் சட்டகத்துக்கு வெளியே நிற்கின்றன.

இதற்கு நேர் எதிரான வேலையைச் சுயாதீன இயக்குநர்கள் சிலர் செய்திருக்கிறார்கள். அவர்களுடைய படங்களில் அடி மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. சட்டகத்துக்கு வெளியே விடப்பட்டதெல்லாம் அங்கே உள்ளே வந்துவிடுகிறது.

தமிழில் இதற்கு மிகக் கிட்டிய உதாரணம் சந்தோஷ் சிவன் இயக்கி 1998இல் வந்த 'தி டெரரிஸ்ட்'. 'தளபதி', 'ரோஜா', 'இருவர்' படங்களின் ஒளிப்பதிவாளராக அவர் ஏற்கெனவே பேர் பெற்றிருந்தார். பெரிய தயாரிப்பாளரோ நட்சத்திரமோ பாட்டோ இல்லாமல், மூன்று வாரத்துக்கும் குறைந்த நாட்களில், கிடைத்த வெளிச்சத்தை வைத்தே இந்தப் படத்தை எடுத்து முடித்தார். கதை சின்னது. மல்லி என்ற பத்தொன்பது வயதுப் பெண் ஓர் ஆயுத இயக்கத்தில் வளர்ந்தவள். ஒரு தலைவருக்கு மாலை போட்டுக் குண்டை வெடிக்க வைக்க அவளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படத்தில் இயக்கத்துக்குப் பெயர் இல்லை, நாட்டுக்கும் பெயர் இல்லை. ஆனால் 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த தற்கொலைக் குண்டுக் கொலையை அறிந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

வேடிக்கை என்னவென்றால், அதே 1998இல் மணிரத்னத்தின் 'தில் சே'க்கும் ஒளிப்பதிவு செய்தவர் இதே சந்தோஷ் சிவன்தான். தமிழில் 'உயிரே' என்று வந்த அந்தப் படத்திலும் தற்கொலைக் குண்டுதாரியான ஒரு பெண் வருகிறாள். அங்கே பனிமலை, ரயில் கூரையில் ஆட்டம், ரஹ்மானின் இசை, கடைசியில் காதலனின் அணைப்பில் ஒரு வெடிப்பு. 'தி டெரரிஸ்ட்' படத்தில் அந்த வெடிப்பு கிடையாது. மாலையோடு நிற்கும் மல்லியின் விரல் பொத்தானைத் தொடுகிறது. அந்த இடத்தில் படம் நின்றுவிடுகிறது.

அந்த விரலுக்கு முந்திய ஒன்றரை மணிநேரம் முழுக்க அவளுடைய முகம்தான். மல்லியாக நடித்த ஆயிஷா தார்க்கரின் கண்ணும் நெற்றி வியர்வையும் திரையை நிறைக்கின்றன. அவளைக் காட்டு வழியே கூட்டிப்போகும் தாமரை என்ற சிறுவனைப் பார்க்கிறோம். இப்படி எத்தனையோ பேருக்கு வழிகாட்டிய பிள்ளை அவன். பிறகு அவளை விருந்தாளியாக வைத்திருக்கும் வாசு என்ற வயதான விவசாயி. பேச்சை நிறுத்தத் தெரியாத மனிதர். உள் அறையில் அவருடைய மனைவி கண் திறந்தபடி நினைவில்லாமல் வருடக்கணக்காகக் கிடக்கிறார். வயிற்றில் ஒரு குழந்தை இருப்பதும் அந்த வீட்டில்தான் மல்லிக்குத் தெரியவருகிறது. யாராவது அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டால் என்ன ஆகும் என்பதை நமக்குக் காட்டுவதற்காகவே எழுதப்பட்டது போன்ற பகுதி அது.

படத்துக்குக் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. மழைத்துளியும் ஆற்று நீரும் சில இடங்களில் தேவைக்கு மேல் அழகாக இருக்கின்றன. போரை நேரில் கண்ட வட, கிழக்குப் பார்வையாளர் ஒருவருக்கு அந்த அழகு உறுத்தலாம். கெய்ரோ விழாவில் பரிசு, இந்தியாவின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது, ஹொலிவுட் நடிகர் ஜோன் மல்கோவிச் முன்வந்து அமெரிக்காவில் வெளியிட்ட பெருமை எல்லாம் கிடைத்தும், அதைப் பார்த்த தமிழர்களின் தொகை 'உயிரே' பார்த்தவர்களின் பக்கத்தில்கூட வராது.

ஒன்பது வருடம் கழித்து நோர்வேயின் பெயாத்தே ஆர்னெஸ்டாட் உண்மையான இரண்டு பெண்களை ஆவணப்படமாக்கினார். 2007இல் வந்த 'மை டோட்டர் த டெரரிஸ்ட்' படத்தில் வரும் இருவரும் விடுதலைப் புலிகளின் தற்கொலைப் படையைச் சேர்ந்தவர்கள். படம் எடுக்கும்போது வயது இருபத்துநான்கு. அதற்கு முன்பே பல வருடங்கள் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தூங்கி, ஒன்றாகச் சண்டையிட்டவர்கள். அதாவது அந்தத் தோழமை தொடங்கியபோது அவர்கள் க.பொ.த. உயர்தர வகுப்பில் இருந்திருக்க வேண்டிய வயது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் புலிகள் சேர்த்ததை யுனிசெப் தொடர்ந்து பதிவுசெய்து வந்தது. 2004 நவம்பரில் ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் தனி அறிக்கையே வெளியிட்டது. அந்த எண்ணிக்கைகளுக்குள் பெண்பிள்ளைகளும் கணிசமாக இருந்தார்கள்.

ஆர்னெஸ்டாட்டின் படத்தை வெறும் பேட்டியாகப் போய்விடாமல் காப்பாற்றுவது தலைப்பிலேயே இருக்கும் தாய்தான். அவர் கத்தோலிக்கர். மகள் கன்னியாஸ்திரி ஆவாள் என்று எதிர்பார்த்திருந்தவர். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வருடா வருடம் போகிற எந்தத் தாயும் அவருடைய பேச்சைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார். மகள் கமெராவுக்கு முன் மனப்பாடம் செய்தது போல் பேசுகிறாள். தாய்க்கு அப்படிப் பேச வரவில்லை. இருவருக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் படம் நடக்கிறது.

இயக்கம், துப்பாக்கி, போர் என்பவை எல்லாம் தூரத்து விஷயம், பாடசாலைச் சண்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அமெரிக்காவின் லிஸ் கார்பஸ் 2003இல் எடுத்த 'கேர்ள்ஹுட்' ஆவணப்படம் அந்தத் தூரத்தைக் குறைக்கிறது. மேரிலாந்து மாநிலத்தில் சிறுமிகளுக்கான தடுப்பு நிலையம் ஒன்றில் இருந்த இரண்டு பெண்பிள்ளைகளை அவர் சுமார் மூன்று வருடம் பின்தொடர்ந்தார். ஒருத்தி பதினொரு வயதில் இன்னொரு சிறுமியைக் கத்தியால் குத்தியவள், குத்தப்பட்டவள் இறந்துவிட்டாள். கார்பஸ் அந்தக் குத்தை நடித்துக் காட்டவில்லை. அதற்கு முந்திய வருடம் அந்தப் பிள்ளைக்கு நடந்த பாலியல் வன்முறையைச் சொல்கிறார். இரண்டாமவளின் தாய் போதைப்பொருளில் விழுந்து கிடந்ததையும், பிள்ளை வளர்ப்பு வீடு வளர்ப்பு வீடாக மாறித் திரிந்ததையும் காட்டுகிறார். மன்னிக்கச் சொல்லிப் பார்வையாளரை வற்புறுத்துவதில்லை. மூன்று வருடம் கூடவே இருந்ததால் அந்தப் பிள்ளைகள் பொய் சொல்வதும் சிரிப்பதும் தாயைத் தேடுவதும் தாமாகவே பதிவாகிவிட்டன. பெரிய தயாரிப்பு நிறுவனம் எதுவும் இவ்வளவு காலம் காத்திருக்காது.

பிரான்ஸின் செலீன் சியாமா 2014இல் எடுத்த 'பாண்ட் த ஃபீய்' படத்தில் பாரிஸ் புறநகர்க் கறுப்பினப் பெண்பிள்ளைகள் அடிபடுகிறார்கள், அதை மற்றவர்கள் போனில் பிடிக்கிறார்கள். தோற்றவளின் மேலாடை உரியப்படுகிறது. அடியைவிட அந்தக் காணொளிதான் அவளை உடைக்கிறது. பழிவாங்குவதற்கும் இன்னொரு காணொளி தேவைப்படுகிறது. டிக்டொக் வருவதற்கு முன்பே எழுதப்பட்ட கதை இது.

ஆராய்ச்சியாளர்களும் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார்கள். 1995இல் நிக்கி கிரிக், ஜெனிஃபர் க்ரோட்பீட்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், சிறுமிகளிடையே கையால் அடிப்பதைவிட உறவைக் கொண்டு நோகடிப்பது அதிகம் என்று காட்டினார்கள். 'அவளோட கதைச்சா நான் உன்னோட கதைக்க மாட்டேன்' என்ற வகை. கூட்டத்திலிருந்து விலக்குவது, பொய்க்கதை பரப்புவது, சேர்த்துக்கொள்வது போல் நடித்துக் கைவிடுவது எல்லாம் இதில் அடங்கும். ஆசிரியர் கண்ணில் படும்போது அது பெரும்பாலும் முடிந்துபோன விஷயமாக இருக்கும், அல்லது கைகலப்பாகியிருக்கும்.

கனடாவின் விக்டோரியா நகருக்குப் பக்கத்தில் 1997 நவம்பரில் பஞ்சாபி வம்சாவளியைச் சேர்ந்த பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தியை ஒரு பாலத்தடியில் பதின்ம வயதினர் கூட்டமாகத் தாக்கினார்கள். தாக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். வேரில் இருந்தது ஒரு வதந்தி. பிறகு இருவர் அவளைப் பின்தொடர்ந்துபோய்க் கொன்றார்கள். உடல் கிடைக்க எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் பாடசாலையில் பலருக்கு விஷயம் தெரியும், பெரியவர்களுக்குத்தான் தெரியாது. ரெபெக்கா காட்ஃப்ரி இதைப் பற்றி எழுதிய நூல் 2005இல் வந்தது, 2024இல் தொடராகவும் வந்தது.

சுற்றி நின்று பார்த்தவர்களின் கதை புத்தளம் கரைக்குப் புதிதில்லை. உடப்பில் திரௌபதி அம்மன் கோவில் ஆடித் திருவிழாவில் தீ மிதிக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கதையோடுதான் வாழ்கிறார்கள். துச்சாதனன் திரௌபதியின் கூந்தலைப் பிடித்து இழுத்து வந்தபோது சபையில் வீட்டுமரும் துரோணரும் இருந்தார்கள். தடுக்கவில்லை. கேட்கும் எவரும் துச்சாதனனை மட்டும் திட்டிவிட்டு எழுந்துபோவதில்லை.

ஆனால் இந்தக் கரையைத் திரையில் தேடினால் பெண்பிள்ளை அகப்படுவதில்லை. 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. பிரசன்ன விதானகேயின் 'இர மதியம' (2003) அந்த வெளியேற்றத்தைத் துணிந்து காட்டிய சிங்களப் படம். அதில் நாயை விட்டுவர மனமில்லாமல் அழும் பிள்ளை ஒரு பையன். அவனுக்கு ஒரு லாத்தா இருந்திருந்தால் அகதி முகாம் தண்ணீர்க் குழாயடியில் அவள் யாரோடு சண்டை பிடித்திருப்பாள் என்பது இன்னும் எடுக்கப்படாத படம். குழாயடிச் சண்டை என்று சிரிக்கிறோம். ஒரு குழாய்க்கு எத்தனை குடும்பம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்றைக்கு அந்தப் பிள்ளையின் மகள் வளர்கிற வீட்டைப் பார்த்தால் வேறு விஷயங்கள் தெரியும். கல்பிட்டி, முந்தல், ஆலங்குடா பக்கத்தில் உம்மா குவைத்திலோ சவூதியிலோ இருக்கிற வீடுகள் உண்டு. தென்மேல் பருவம் தொடங்கினால் சிலாபம் பக்கத்து மீனவர்கள் படகோடு கிழக்குக் கரைக்குப் போய் மாதக்கணக்கில் வாடியில் தங்குவார்கள். மிஞ்சுவது உம்மம்மாவும் பிள்ளைகளும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள தாய்மார் வீட்டுப் பணிக்கு வெளிநாடு போவதை 2013இல் அரசு தடுத்தது, பின்னர் அந்த விதி தளர்ந்தது. பதினான்கு வயது மூத்த மகளுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. அவள் பிள்ளையாகக் கணக்கெடுக்கப்படவில்லை. சோறு ஆக்கி, தம்பியைக் குளிப்பாட்டி, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்குப் பதில் சொல்லும் ஆளாகத்தான் வீடு அவளைப் பார்த்தது. அப்படி வளரும் ஒருத்தியிடம் வகுப்பில் யாராவது உம்மாவைப் பற்றி ஒரு சொல் சொல்லட்டும். அடி விழும் இடம் அது.

சட்டம் ஓரளவு முன்னே போயிருக்கிறது. குற்றப் பொறுப்புக்கான வயதை இலங்கை 2018இல் எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்டவர்களுக்கு அவர்களின் முதிர்ச்சியைப் பார்த்தே பொறுப்பு தீர்மானிக்கப்படும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்தப் போனிலிருந்தும் அழைக்கலாம். அடித்தவளுக்காகவும் அழைக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

இங்கே அப்படியொரு படம் எடுப்பதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. கார்பஸ் செய்தது போல் முகத்தைக் காட்டி ஆவணப்படம் எடுத்தால், ஊரில் அந்தப் பிள்ளையின் கல்யாணப் பேச்சு வரை அது துரத்தும். முகத்தை மங்கலாக்கினால் மல்லியிடம் சந்தோஷ் சிவன் கண்டெடுத்ததை இழக்க வேண்டிவரும், ஏனென்றால் கதை முழுக்க முகத்தில்தான் இருக்கிறது. சியாமா எடுத்த வழி புனைகதை. நடிப்பு அனுபவம் இல்லாத பெண்பிள்ளைகளைத் தெருவில் தேடிப் பிடித்து, வேறு பெயரில், அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வாழ்க்கையையே நடிக்க வைத்தார். தமிழில் லீனா மணிமேகலையும் 'மாடத்தி' (2019) படத்தில், பிறர் கண்ணிலேயே படக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் வீட்டுப் பருவப்பெண் ஒருத்தியைப் புனைகதைக்குள் கொண்டுவந்துதான் திரையில் நிறுத்தினார். கல்பிட்டியிலோ கண்டக்குழியிலோ யாராவது இதைத் தொடங்கினால், திரைக்கதைக்கு முன்பு செய்ய வேண்டிய வேலை பாடசாலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளோடு பல மாதம் கதைத்துக்கொண்டிருப்பது. கமெராவை வெளியே எடுப்பது அதற்குப் பிறகு.