வரவுப் பக்கம், செலவுப் பக்கம்: பேஸ்பால் சிறார் நாவல்களின் கணக்கு

2022 ஆகஸ்டில் ஒரு சின்ன அட்டை 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அகலம் ஒன்றரை அங்குலம்கூட இல்லை. உயரம் இரண்டரை அங்குலத்துக்குச் சற்றே அதிகம். அதில் அச்சாகியிருப்பது பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஹோனஸ் வாக்னரின் முகம். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பெட்டிக்குள் இலவசமாகப் போட்டுக் கொடுத்த அட்டைகளில் ஒன்று அது.

இதே வாக்னர் அட்டையை வைத்துத்தான் டான் கட்மன் 1997இல் ‘ஹோனஸ் அண்ட் மீ’ என்ற சிறார் நாவலை எழுதினார். ஜோ ஸ்டோஷாக் என்ற பையன் பக்கத்து வீட்டு மூதாட்டியின் பரணைச் சுத்தம் செய்யப் போன இடத்தில் அட்டையைக் கண்டெடுக்கிறான். பழைய பேஸ்பால் அட்டையைக் கையில் பிடித்தால் அந்த ஆட்டக்காரரின் காலத்துக்கே போய்விடும் சக்தி அவனுக்கு உண்டு. அந்தச் சக்தியை வைத்து 2015 வரை 12 நாவல்கள் வந்தன.

பேஸ்பால் ஏடுகளில் எண்ணுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அவை வரவை மட்டும் எழுதும்: இத்தனை ரன், இத்தனை ஹிட், இன்ன சராசரி. அந்த எண்ணுக்கு யார், என்ன விலை கொடுத்தார்கள் என்ற செலவுப் பக்கம் வெறுமையாக இருக்கும். அமெரிக்கக் குழந்தைகளுக்கான பேஸ்பால் வரலாற்று நாவல்கள் எழுதி நிரப்புவது அந்தப் பக்கத்தைத்தான்.

ஏடு எழுதும் முறை

பேஸ்பால் கணக்கின் தந்தை என்று சொல்லப்படும் ஹென்றி சாட்விக் 1824இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கிரிக்கெட் செய்தியாளராக இருந்து பேஸ்பாலுக்கு வந்தவர். ஓர் ஆட்டத்தையே ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கும் ‘பாக்ஸ் ஸ்கோர்’ அவர் கையில்தான் உருப்பெற்றது. களத்தில் நிற்கும் 9 பேருக்கும் 1 முதல் 9 வரை எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, ஷார்ட்ஸ்டாப் 6. ‘6-4-3’ என்று எழுதினால், பந்து ஷார்ட்ஸ்டாப்பிடமிருந்து இரண்டாம் பேஸ் வழியாக முதல் பேஸுக்குப் போனது என்று பொருள். பேட்டிங் சராசரி .300 என்றால் 10 வாய்ப்பில் 3 ஹிட். அதுவே நல்ல ஆட்டக்காரருக்கு அடையாளம்.

லிண்டா சூ பார்க் 2008இல் எழுதிய ‘கீப்பிங் ஸ்கோர்’ நாவல் முழுக்க இந்தக் குறியீடுகள்தாம். 1950களின் தொடக்கத்தில் புரூக்ளினில் வாழும் மேகி என்ற சிறுமிக்கு ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுப்பவர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் ஜிம். பிறகு அவர் கொரியப் போருக்குப் போகிறார். அந்தப் போர் 1950 ஜூன் 25 முதல் 1953 ஜூலை 27 வரை நடந்தது. ஆட்டத்தின் ஒவ்வொரு பந்தையும் எழுதத் தெரிந்த சிறுமிக்கு, போருக்குப் போன மனிதரின் கணக்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

சம்பளக் கணக்கு

இந்த நாவல்களில் வரும் மனிதர்களின் வருமானத்தை வரிசையாகப் பார்க்கலாம்.

• பேப் ரூத், 1930: ஆண்டுக்கு 80,000 டாலர்.
• ஷூலெஸ் ஜோ ஜாக்சன், 1919: ஆண்டுக்கு 6,000 டாலர். உலகத் தொடரில் தோற்றுக்கொடுக்கச் சூதாடிகள் பேசிய தொகை 20,000. கைக்கு வந்தது 5,000.
• ஜாக்கி ராபின்சன், 1947: ஆண்டுக்கு 5,000 டாலர். அன்றைய குறைந்தபட்சச் சம்பளம் அதுதான்.
• பெண்கள் பேஸ்பால் லீக், 1943இல்: வாரத்துக்கு 45 முதல் 85 டாலர்.

முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இடையே 16 மடங்கு. ஓர் அட்டைக்கு 2022இல் கிடைத்த விலையில், விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுக்காமல் வகுத்தால், ராபின்சனுக்கு 1,450 ஆண்டுச் சம்பளம் கொடுத்திருக்கலாம்.

வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த பெரும்போட்டிக்குள் (மேஜர் லீக்) 1947இல் நுழைந்த கறுப்பினத்தவர் ராபின்சன். அந்த ஆண்டு அவருடைய வரவுப் பக்கம்: 125 ரன், 12 ஹோம் ரன், 29 திருடிய பேஸ், சராசரி .297, ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது. செலவுப் பக்கத்தில் ஏடே எழுதி வைத்திருப்பது ஒரே ஒரு வரி: 9 முறை பந்து உடம்பில் பட்டது. வசவுகளுக்கும் மிரட்டல் கடிதங்களுக்கும் பத்தி கிடையாது. கட்மனின் ‘ஜாக்கி அண்ட் மீ’ (1999) இந்த இடத்தில் ஒரு துணிச்சலான வேலை செய்கிறது: வெள்ளைக்காரச் சிறுவன் ஜோ 1947இல் போய் இறங்கும்போது கறுப்பினச் சிறுவனாக இருக்கிறான். எண்கள் சொல்லாததை அவன் தோல் சொல்கிறது.

அதே 1947ஐ இன்னொரு வாசலிலிருந்து பார்ப்பது பெட்டி பாவ் லார்டின் ‘இன் தி இயர் ஆஃப் தி போர் அண்ட் ஜாக்கி ராபின்சன்’ (1984). மாதத்துக்கு ஒன்றாக 12 அத்தியாயங்கள். சீனாவிலிருந்து புரூக்ளினுக்கு வரும் ஷெர்லி டெம்பிள் வாங் என்ற சிறுமி ஆங்கிலம் பழகுவதும் ராபின்சனின் ஆட்டத்தைப் பின்தொடர்வதும் ஒரே மூச்சில் நடக்கின்றன. சீனர்களின் வருகையைத் தடுத்த சட்டம் 1943இல் நீக்கப்பட்டபோது அமெரிக்கா ஒதுக்கிய இடம் ஆண்டுக்கு வெறும் 105. ராபின்சனுக்குத் திறந்த கதவு எவ்வளவு குறுகலோ, அவ்வளவு குறுகலானது அவள் வந்த கதவு.

வேலிக் கணக்கு

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066ஆம் எண் ஆணையால் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களைப் பெரிய முகாம்கள் 10இல் அடைத்தார்கள். கென் மோச்சிசுகி எழுதி டாம் லீ படம் வரைந்த ‘பேஸ்பால் சேவ்ட் அஸ்’ (1993) அந்த முகாமில் நடக்கும் கதை. அப்பா முள்வேலிக்குள் ஒரு மைதானம் உருவாக்குகிறார். குள்ளமான மகன், காவல் கோபுரத்தில் நிற்கும் சிப்பாயை முறைத்தபடியே பந்தை அடிக்கிறான். போர் முடிந்து வெளியே வந்தபிறகும் வசவு நிற்பதில்லை. இது வெறும் கற்பனையும் அல்ல. அரிசோனாவின் கீலா ரிவர் முகாமில் கெனிச்சி செனிமுரா தன் மகன்களோடு சேர்ந்து உண்மையாகவே ஒரு மைதானம் கட்டினார்.

ஆலன் கிராட்ஸின் ‘தி புரூக்ளின் நைன்’ (2009) கணக்கை அகலமாக விரிக்கிறது: 9 இன்னிங்ஸ், 9 தலைமுறை, 1845 முதல் 2002 வரை 157 ஆண்டுகள். நான்காம் இன்னிங்ஸில் திறமை இருந்தும் நிறத்தால் வெளியே நிறுத்தப்படும் பிட்சர். ஆறாவதில் 1945ஆம் ஆண்டின் பெண்கள் அணி. அந்தப் பெண்கள் லீக் 1943 முதல் 1954 வரை இயங்கியது; 600க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் ஆடினார்கள்.

மாறாத எண்கள்

காலத்தைக் கடந்து போகும் ஜோவால் என்ன மாற்ற முடிந்தது? 1919இன் சூதாட்டத்தைத் தடுக்கப் போகிறான், முடியவில்லை. அந்தத் தொடரில் ஜாக்சனின் சராசரி .375, ஹிட் 12. 1921இல் நீதிமன்றம் விடுவித்தும், அவர் உட்பட 8 பேருக்கு ஆயுள் தடை. 1920 ஆகஸ்ட் 16 அன்று பிட்சர் கார்ல் மேஸ் வீசிய பந்து பேட்டர் ரே சாப்மனின் தலையில் பட்டதையும் ஜோவால் நிறுத்த முடியவில்லை. சாப்மன் மறுநாள் இறந்தார், வயது 29. நிகராகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன ஆட்டக்காரர் ரோபெர்டோ கிளமென்டேயின் விமானம் 1972 டிசம்பர் 31 அன்று விழுந்தே தீர்கிறது. அவருடைய ஹிட் கணக்கு சரியாக 3,000இல் நிற்கிறது.

மாயசக்தி உள்ள சிறுவன் தோற்ற இடத்தில், சில கணக்குகளை வெளியுலகம் மெதுவாகத் திருத்தியிருக்கிறது. அந்தத் தாமதத்தையும் எண்ணிவிடலாம்.

• ஜிம் தோர்ப்: சிறு லீக் ஒன்றில் கூலி வாங்கி பேஸ்பால் ஆடியதற்காக ஒலிம்பிக் தங்கம் இரண்டையும் 1913இல் இழந்தார். தனி வெற்றியாளர் என்று மீண்டும் ஏற்றது 2022இல். தாமதம் 109 ஆண்டு.
• ஜோ ஜாக்சன்: தடை 1921, நீக்கம் 2025. தாமதம் 104.
• ஜோஷ் கிப்சன்: கறுப்பினத்தவர் லீக்குகளில் கடைசி ஆட்டம் 1946. அந்த லீக்குகளின் புள்ளிவிவரங்கள் 2024இல் பெரும்போட்டி ஏட்டில் சேர்ந்தபோது அவருடைய வாழ்நாள் சராசரி .372, டை காபின் .367ஐத் தாண்டி முதலிடம் பிடித்தது. தாமதம் 78.
• ரே சாப்மன்: மரணம் 1920. பெரும்போட்டிக்குப் புதிதாக வரும் எல்லா பேட்டர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயமானது 1971. தாமதம் 51.
• ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்த முகாம்கள்: ஆணை 1942. மன்னிப்பும் உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலரும் தரும் சட்டம் 1988. தாமதம் 46.
• பெண்கள் லீக்: முடிந்தது 1954. கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமில் காட்சி திறந்தது 1988. தாமதம் 34.

கூட்டினால் 422 ஆண்டுகள், சராசரி 70. தோர்ப் 1953இலும் ஜாக்சன் 1951இலும் கிப்சன் 1947இலும் இறந்துவிட்டார்கள். திருத்தத்தின் பலன் அவர்கள் பெயருக்குக் கிடைத்தது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பட்டியலை நாவல்கள் வெளிவந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டால் ஒன்று தெரிகிறது. தோர்ப்பைப் பற்றிய ‘ஜிம் அண்ட் மீ’ 2008. திருத்தத்துக்கு 14 ஆண்டு முன்பு. கிப்சனும் சாட்சல் பெய்ஜும் மோதும் ‘சாட்ச் அண்ட் மீ’ 2006; 18 ஆண்டு முன்பு. ‘ஷூலெஸ் ஜோ அண்ட் மீ’ 2002. 23 ஆண்டு முன்பு. நாவல்களால்தான் ஏடு திருந்தியது என்று சொன்னால் அது மிகை. பெரியவர்களின் ஆய்வும் வாதமும் பல பத்தாண்டுகளாக நடந்தவை. ஆனால் கடன் அடையுமுன்பே, அது கடன்தான் என்று 10 வயது வாசகருக்குப் புரியும்படி எழுதி வைத்தவை இந்தப் புத்தகங்கள். 2002இல் 10 வயதில் படித்தவருக்கு 2025இல் 33 வயது. ஜாக்சனின் தடை நீங்கிய செய்தியைப் பார்த்ததும் .375 என்ற சராசரியோடு அந்த 5,000 டாலரையும் சேர்த்துக் கேள்வி கேட்கத் தெரிந்த வாசகர் அவர்.