ஜீரோ டர்ன் மோவர் வாங்கப் போறீங்களா? ஏக்கரை அளக்கும் முன் சரிவை அளந்து பாருங்க!

பெரிய வீடு. சுற்றிலும் 2, 3 ஏக்கர் புல்வெளி. ஸ்டீயரிங்கே இல்லாத ஒரு வண்டியில் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளை மட்டும் அசைத்து, நின்ற இடத்திலேயே வட்டமடித்து ஒருவர் புல் வெட்டுவார். யூடியூப், ரீல்ஸில் இந்த வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்த வண்டியின் பெயர்தான் ஜீரோ டர்ன் மோவர்.

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே பெரிய இடத்தோடு வீடு வாங்குபவர்கள் அடுத்து தேடும் பொருட்களில் இதுவும் ஒன்று. நம்ம ஊரில் இருந்து போய் டெக்சாஸ், வட கரோலினா பக்கம் செட்டில் ஆனவர்களும் இதில் அடக்கம். அங்கே புல் வெட்டுவது பொழுதுபோக்கு மட்டும் கிடையாது. புல் இத்தனை இன்ச்சுக்கு மேல் வளரக்கூடாது என்று பல நகரங்களில் விதியே இருக்கு. மீறினால் நோட்டீஸ் வரும்.

கடைக்குப் போனால் ஹார்ஸ்பவர், அகலம், ஆஃபர் என்றுதான் பேச்சு தொடங்கும். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் நிலம் எவ்வளவு சரிவா இருக்கு? இதைக் கேட்காமல் வாங்கினால் பணம் மட்டுமல்ல, உயிரும் போகலாம். ஏன் என்று பார்ப்போம்.

எப்படி வேலை செய்யுது?

சாதாரண புல்வெட்டி டிராக்டரில் கார் மாதிரி ஸ்டீயரிங் இருக்கும், முன் சக்கரம் திரும்பும். ஜீரோ டர்னில் முன் சக்கரங்கள் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் போல சும்மா சுழல்பவை. எல்லா வேலையும் பின் சக்கரங்களுக்குத்தான். இரண்டுக்கும் தனித்தனி ஹைட்ராலிக் பம்ப், மோட்டார். இடது கைப்பிடி இடது சக்கரத்துக்கு, வலது கைப்பிடி வலது சக்கரத்துக்கு. ஒன்றை முன்னால் தள்ளி இன்னொன்றைப் பின்னால் இழுத்தால், வண்டி நின்ற இடத்திலேயே பம்பரம் போல் சுற்றும்.

1960களில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஜான் ரெகியர் என்பவர் உருவாக்கிய வடிவம் 'ஹஸ்ட்லர்' என்ற பெயரில் பிரபலமானது. இன்று டோரோ, ஜான் டியர், ஹஸ்க்வர்னா, ஸ்காக், குபோட்டா என்று பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன.

மரம், பூச்செடி, வேலிக் கம்பம் இருக்கும் இடத்தில் இதன் அருமை தெரியும். ரிவர்ஸ் எடுத்துத் திருப்பும் நேரம் மிச்சம்.

சரிவில் என்ன ஆபத்து?

வண்டியை ஓட்டுவது, திருப்புவது, வேகத்தைக் குறைப்பது, மூன்றையும் செய்வது அந்த இரண்டு பின் சக்கரங்கள்தான். சரிவில் இறங்கும்போது ஈரப் புல்லில் அவை வழுக்கினால் மூன்றும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போயிடும். முன் சக்கரம் சரிவு இழுக்கும் பக்கம் தானாகத் திரும்பும். கைப்பிடியை எந்தப் பக்கம் அசைத்தாலும் பிரயோஜனம் இல்லை. வண்டியின் எடையோ மாடலைப் பொறுத்து சில நூறு கிலோ இருக்கும். கீழே குளமோ, தடுப்புச் சுவரோ இருந்தால் யோசித்துப் பாருங்க. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிகளில் நடக்கும் உயிரிழப்புகளுக்கு வண்டி கவிழ்வது ஒரு முக்கியக் காரணம்.

அதனால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் மேனுவலில் 15 டிகிரிக்கு மேல் சரிவு இருந்தால் ஓட்டாதீங்க என்று எழுதியிருக்கின்றன. சில மாடல்களுக்கு அதைவிடக் குறைவு. 15 டிகிரி என்பது 10 அடி தூரத்துக்கு சுமார் 2.7 அடி ஏற்றம்.

அளப்பது ஈஸிதான். நீளமான நேர்ப் பலகை ஒன்றைச் சரிவில் படுக்க வைத்து, அதன் மேல் மொபைலை வைத்து, மட்டம் பார்க்கும் ஆப்பைத் திறந்தால் டிகிரி தெரிந்துவிடும். இருப்பதிலேயே செங்குத்தான இடத்தில் அளங்க. மொத்த நிலமும் சமமாக இருந்து ஒரு மூலை மட்டும் 20 டிகிரி என்றால், அந்த மூலையை ஜீரோ டர்னுக்குக் கொடுக்காதீங்க. கையில் பிடித்து வெட்டும் டிரிம்மர் போதும். நிலத்தில் பாதிக்கு மேல் சரிவு என்றால் ஜீரோ டர்ன் உங்களுக்கான வண்டியே இல்லை.

ரோல் பார், பெல்ட்: இந்த விதியை மறக்காதீங்க

சீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவுதான் ரோல் பார். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் இடம் கொடுப்பது இதுதான். ரோல் பார் நிமிர்ந்து இருந்தால் சீட் பெல்ட் கட்டாயம். மரக்கிளைக்காக அதை மடக்கினால் பெல்ட் போடக்கூடாது. போட்டால் கவிழும் வண்டியோடு சேர்ந்து மாட்டிக்கொள்வோம். விலை குறைந்த வீட்டு மாடல்கள் பலவற்றில் ரோல் பாரே வராது. சரிவு இருக்கும் நிலத்துக்கு வாங்குபவர்கள் இதை முதலில் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

சீட்டில் இருந்து எழுந்தால் பிளேடு நின்றுவிடும்படி ஒரு சுவிட்சும் இருக்கும். தொந்தரவாக இருக்கு என்று அதைக் கழற்றிவிடாதீங்க. குழந்தையை மடியில் உட்கார வைத்து ஓட்டுவதும் கூடவே கூடாது. 16 வயதுக்குக் கீழ் யாரும் இந்த வகை வண்டியை ஓட்டக்கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் அறிவுரை.

எத்தனை இன்ச் அகலம் தேவை?

சரிவுப் பரிசோதனையில் நிலம் பாஸ் ஆயிடுச்சா? இனி கணக்குப் போடலாம். ஒரே ஓட்டத்தில் எவ்வளவு அகலம் வெட்டும் என்பதைத்தான் டெக் அளவு என்கிறார்கள். வேகத்தை மைலிலும் அகலத்தை இன்ச்சிலும் எடுத்துப் பெருக்கி 99 ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்தில் எத்தனை ஏக்கர் என்று வரும். திரும்பும் நேரம், மேலே மேலே வெட்டுவது எல்லாம் போக அதில் 80 சதவீதம்தான் நிஜத்தில் கிடைக்கும்.

3 ஏக்கர் நிலம், மணிக்கு 6 மைல் வேகம் என்று வைத்துக்கொண்டால்:

42 இன்ச் டெக்: சுமார் 88 நிமிடம்
52 இன்ச் டெக்: சுமார் 71 நிமிடம்
60 இன்ச் டெக்: சுமார் 62 நிமிடம்

42இல் இருந்து 52க்குப் போனால் 17 நிமிடம் லாபம். 52இல் இருந்து 60க்குப் போனால் வெறும் 9 நிமிடம். அந்த 9 நிமிடத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கணுமா என்பதை நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

டெக் அகலமாக ஆக, மேடு பள்ளத்தில் பிளேடு மண்ணைச் சுரண்டி புல்லை வேரோடு மொட்டையடிக்கும் வாய்ப்பும் அதிகம். வேலிக் கதவையும் அளந்து பாருங்க. 52 இன்ச் என்பது வெட்டும் அகலம்தான். வெட்டிய புல்லை வெளியே தள்ளும் மூடியையும் சேர்த்தால் மொத்த அகலம் இன்னும் கூடும்.

வீட்டு மாடலா, கமர்ஷியலா?

சுமாராக 3,000 டாலரில் வீட்டு மாடல்கள் தொடங்குகின்றன. கமர்ஷியல் மாடல்கள் 10,000 டாலரைத் தாண்டும். மூன்று மடங்கு வித்தியாசம் எங்கே போகிறது? இந்த மூன்று விஷயங்களைப் பாருங்க.

டிரான்ஸ்மிஷன்: பல வீட்டு மாடல்களில் இது சீல் செய்யப்பட்ட பெட்டி. ஆயில் மாற்ற வழி இருக்காது. உயர் ரகங்களில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றலாம், ஆயுள் கூடும். ஹார்ஸ்பவரைவிட இது முக்கியம்.

டெக்கின் இரும்பு: 'கேஜ்' என்ற எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறைய தகடு தடிமன். 7 கேஜ் சுமார் 4.5 மி.மீ., 12 கேஜ் சுமார் 2.6 மி.மீ. பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க.

சர்வீஸ்: சீசன் நடுவில் பெல்ட் அறுந்தால் பக்கத்தில் டீலர் இருக்காரா? இல்லையென்றால் வாரக்கணக்கில் வண்டி ஷெட்டில் நிற்கும், புல் மட்டும் வளர்ந்துக்கிட்டே இருக்கும்.

வருடத்தில் 30 வாரம், வாரம் ஒருமுறை 71 நிமிடம் என்றால் மொத்தம் சுமார் 36 மணி நேரம்தான். தினமும் பல வீடுகளுக்குப் போய் வெட்டுபவர்களுக்குத்தான் கமர்ஷியல் மாடல் அவசியம். உங்கள் வீட்டுக்கு மட்டும் என்றால், டிரான்ஸ்மிஷனுக்கு ஆயில் மாற்றக்கூடிய நடுத்தர மாடல் போதும். ஆனால் வீட்டு மாடலை வாங்கி அடுத்தவர் நிலத்தில் காசுக்கு ஓட்டினால் வாரன்டி பெருமளவு குறையலாம். சிறு எழுத்தில் இருப்பதைப் படிச்சுக்கோங்க.

பெட்ரோலா, பேட்டரியா?

கலிஃபோர்னியாவில் 25 ஹார்ஸ்பவர் வரையிலான சிறிய பெட்ரோல் இன்ஜின்களுக்கு 2024 மாடலில் இருந்து கட்டுப்பாடு வந்துவிட்டது. புதிதாக விற்பவை பெரும்பாலும் புகையே விடாதவையாக இருக்கணும். ஏற்கெனவே வைத்திருப்பதைப் பயன்படுத்தத் தடை இல்லை. பேட்டரி வண்டியில் சத்தம் குறைவு, ஆயில் வேலை இல்லை. ஆனால் ஒரே சார்ஜில் உங்கள் நிலம் முழுக்க முடியணும். புல் உயரமாகவோ ஈரமாகவோ இருந்தால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். விளம்பரத்தில் 3 ஏக்கர் என்று போட்டிருந்தால், 2 ஏக்கர் நிலத்துக்கு வாங்குவது பாதுகாப்பான கணக்கு.

நம்ம ஊர் தென்னந்தோப்புக்கு ஆகுமா?

வீடியோ பார்த்துவிட்டு இதைக் கேட்பவர்களும் உண்டு. வட்டப்பாத்தி, வாய்க்கால், சொட்டுநீர்க் குழாய், விழுந்து கிடக்கும் மட்டை என்று இருக்கும் தோப்பில் இந்த வண்டிக்கு வேலை இல்லை. தாழ்வான டெக் தட்டிக்கொண்டே இருக்கும். அங்கே பிரஷ் கட்டர், பவர் வீடர், டிராக்டர் ரொட்டவேட்டர்தான் சரி. சமமான மைதானம், பெரிய புல்வெளி பராமரிப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

வாங்கும் முன் ஒரு செக்லிஸ்ட்

1. செங்குத்தான இடத்தில் சரிவை அளந்தாச்சா? 15 டிகிரிக்குள் இருக்கா? வாங்கப் போகும் மாடலின் மேனுவல் என்ன சொல்லுது?
2. குளம், பள்ளம், தடுப்புச் சுவர் பக்கத்தில் குறைந்தது இரண்டு டெக் அகலத்துக்கு இடம் விட முடியுமா?
3. ரோல் பார், பெல்ட் இருக்கா?
4. வேலிக் கதவு, ஷெட் கதவு வழியாக வண்டி போகுமா?
5. டிரான்ஸ்மிஷன் ஆயில் மாற்ற முடியுமா? டீலர் எவ்வளவு தூரம்?

முதல் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் மற்ற நான்கையும் பார்க்கவே வேண்டாம். அந்தச் சரிவுக்கு வேறு வழி தேடுங்க.